கணக்கில் வராத பட்டாணி

கடைசி சூப்பர்மார்க்கெட்டை மூடிய அன்று
தள்ளுவண்டிகளைச் சங்கிலியில் கோத்து
லாரியில் ஏற்றிப் போனார்கள்.
ஒன்று மட்டும் பேருந்து நிறுத்தத்தில் தங்கிவிட்டது,
ஒரு சக்கரம் பனியில் புதைந்து.
லொரெய்ன் ட்ரிபிள் அதை வீட்டுக்குத் தள்ளிப் போனாள்.
திருட்டா என்றேன்.
அடகு என்றாள். கடை வரட்டும், தருகிறேன்.

அதன்பிறகு ஒரு தக்காளிக்கு
இரண்டு பேருந்து.
பெட்ரோல் பங்கில் பால் கிடைக்கும்,
தேதி பார்க்காமல் குடிப்பவர்களுக்கு.

தேவாலயத்து நிலவறையில் முதல் கூட்டம்.
பதினோரு பேர்.
மூன்று பேர் சூப்புக்கு வந்தவர்கள்.
டிப்போவில் சில்லறை எண்ணியவன் என்பதால்
என்னைப் பொருளாளர் ஆக்கினார்கள்.

பங்கு நூறு டாலர்.
யாமிலெத் ரொசாரியோ
கால் டாலர் காசுகளாகவே கட்டி முடித்தாள்.
அவள் கொண்டுவரும் காலுறைக்குள்
காசோடு கொஞ்சம் முடியும் இருக்கும்,
யாருடைய தலையோ.
பல் மருத்துவர் இருபது பங்கு கேட்டார்.
ஆளுக்கு ஒன்று, வாக்கும் ஒன்று என்றோம்.
கதவை அறைந்துவிட்டுப் போனவர்
அடுத்த வாரம் ஒன்றுக்கு வந்தார்.

ஆறு வருடம்.
சிகரெட் விற்பதா என்பதற்கு மட்டும் நான்கு கூட்டம்.
லாட்டரிச் சீட்டுக்கு மூன்று.
சோடாவுக்கு வந்தபோது ஹொரேஸ் பிங்காம் எழுந்து
நான் சாவதற்குள்
ஒரு முட்டைக்கோஸ் வாங்க முடியுமா என்றார்.
முடியவில்லை.
பங்கு எண் நாற்பத்தொன்று,
மகள் பெயருக்கு நான்தான் மாற்றி எழுதினேன்.

வங்கி எங்கள் திட்டத்தைத் திருப்பி அனுப்பியது.
மேலட்டையில் காபிக் கோப்பையின் வட்டம்.
உள்ளே ஒரு தாளும் மடங்கவில்லை.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பும் என்பார்கள்.
எங்கள் பூதம் ஒரு பழைய பெட்ரோல் தொட்டி,
அஸ்திவாரக் குழியில் ஆறடி ஆழத்தில்,
எவருடையது என்று எவரும் ஒப்புக்கொள்ளாதது.
அதை வெளியே எடுத்த செலவில்
கூரை ஒரு வருடம் தள்ளிப் போனது.

திறப்புவிழாவுக்கு முந்தின இரவு
ஒன்பது மணிக்கு ஃப்ரீசர் நின்றது.
ஈரியில் மலிவாக வாங்கியது.
ஜூன் மாதம். ஜனவரி என்றால்
எல்லாவற்றையும் வாசலில் அடுக்கியிருப்போம்.

வீட்டுக்கு வீடு ஒரு ஃப்ரீசர் இருக்கிறதே
என்றார் யாரோ. அது யார் என்பதில்
இன்னும் சண்டை தீரவில்லை.

கதவருகே நின்று எழுதினேன்:
பெயர், தெரு, எத்தனை.
கோழி. மீன்துண்டு. பட்டாணி.
வரிசை மூலை திரும்பி
சலவைக்கடை வரை போனது.
பேனா தீர்ந்து
யாமிலெத்தின் புருவப் பென்சிலில் எழுதினேன்.
பங்கு இல்லாதவர்களும் கை நீட்டினார்கள்.
பங்கு எண் கேட்க நேரமில்லை என்று
பிறகு குழுவிடம் சொன்னேன்.
நேரம் இருந்தது.
அறுநூற்றுப் பன்னிரண்டு பொட்டலம்
இருட்டுக்குள் நடந்து போயிற்று.

அன்றிரவு நான் தூங்கவில்லை.
யாரை நம்புகிறேன் என்று
தெருத்தெருவாக எண்ணிப் பார்த்தேன்.
என் தெருவிலேயே இரண்டு பேரிடம் தடுக்கினேன்.

மெக்கானிக் விடிகாலையில் சரிசெய்தார்.
ஆறரைக்கெல்லாம் வர ஆரம்பித்தார்கள்:
தலையணை உறையில், குழந்தை வண்டியில்,
ஒருவர் சாயம் பூசும் வாளியில்.
தடுக்கிய இருவரும் வந்தார்கள், முதல் பத்துக்குள்.
லொரெய்ன் வந்தாள்,
அந்தப் பழைய தள்ளுவண்டியோடு,
ஒரு சக்கரம் கத்திக்கொண்டே.
மற்ற வண்டிகளின் வரிசையில் செருகிவிட்டு
ரசீது கொடு என்றாள்.

மூன்று முறை எண்ணினேன்.
அறுநூற்றுப் பதினொன்று.

பட்டாணி ஒரு பொட்டலம்,
ஒரு டாலர் எண்பத்தொன்பது.
நஷ்டம் என்று எழுதுங்கள் என்றார் தணிக்கையாளர்.
வெளியே இருக்கிறது என்று எழுதினேன்.
ஒவ்வொரு மார்ச் மாதமும்
அந்த வரியில் விரல் வைத்துக் கேட்கிறார்.
இன்னும் வெளியேதான் இருக்கிறது என்கிறேன்.